மஞ்சள் நூல் கட்டிய கட்டர்

அந்த ஹாலில் ஒரு பேச்சு உண்டு. அடுத்தவள் சீப்பை எடுத்துத் தலை வாரினாலும் வாரு, அடுத்தவள் கட்டரை மட்டும் தொடாதே. எடை பார்க்கிற எலக்ட்ரானிக் தராசுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு தயாராகிற இடம் அது. ஈயம் வைத்து முடிந்த போர்டைத் திருப்பினால் அடியில், அதில் பொருத்திய சின்னச் சின்னச் சாமான்களின் கம்பிக் கால்களெல்லாம் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அவற்றை ஒட்ட நறுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை அதே வேலைதான். குறடு மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் கட்டர்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. அதனால் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு கலர் நூல் சுற்றியிருக்கும். ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்குப் பச்சை. நூல் சுற்றியாகிவிட்டால் அடுத்த கட்டர் பெட்டி வரும்வரை நல்லதோ கெட்டதோ அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

அந்த நூலைச் சுற்றுகிற அதிகாரம் பெரியவளிடம் இருந்தது. வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் வீட்டில் அவள் பெரியவள். ஹாலில் முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘அரம்’. பையில் எப்போதும் ஓர் உடைந்த அரத்துண்டு வைத்திருப்பாள், அதனால் அந்தப் பெயர். பேச்சும் அப்படித்தான் ராவும் என்பது இன்னொரு காரணம்.

புதுக் கட்டர் பெட்டி வந்தால் சூப்பர்வைசர் அவளைத்தான் கூப்பிடுவார். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பளபளப்பு. ஆனால் மலிவுச் சரக்கு. நன்றாகப் பதம் ஏறியதும் இருக்கும், அரைகுறைப் பதமும் இருக்கும், பதமே ஏறாததும் இருக்கும். பெரியவள் ஒவ்வொன்றாக எடுத்து அதன் வாயை மூடி ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள். இரண்டு அலகுக்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அது ஒரு பக்கம் போகும். பிறகு அரத்துண்டை அலகின் ஓரத்தில் லேசாக இழுப்பாள். நல்ல எஃகு என்றால் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். பதமில்லாதது என்றால் அரம் கவ்விப் பிடிக்கும், பொடி உதிரும். அவ்வளவுதான் சோதனை. சும்மா சொல்லக் கூடாது, அவள் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த வித்தையை அவள் சுகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கையில் வந்து வாய்த்தது பதமில்லாத கட்டர். சில சாமான்களின் கால் வெறும் செம்பு கிடையாது, செம்பு பூசிய இரும்பு. அதைக் கடிக்கும்போது மெத்தென்ற அலகில்தான் குழி விழும். குழி விழுந்த வாய் நறுக்காது, மென்று துப்பும். வெட்டின முனையில் தலைமுடி கனத்துக்கு ஒரு வால் நிற்கும். அந்த வால் போக இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்று அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரலின் அடி வீங்கிவிட்டது. அழுதுகொண்டே ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டரிடம் கட்டரைக் கொண்டுபோனாள். அவர் அரத்தை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது எஃகு இல்லம்மா, மெழுகு” என்றார். உடைந்த அரத்துண்டு ஒன்றையும் கொடுத்தார்.

அன்றைக்கே அவள் நல்லவளாக ஆகியிருக்கலாம். பட்டவளுக்குத்தான் வலி தெரியும், அடுத்தவளுக்கு அந்தக் கட்டர் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருக்கலாம். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனுஷியைக் கையால் அடிக்காமல், வாயால் திட்டாமல், ஒரு துண்டு இரும்பைக் கொடுத்தே ஒழித்துக்கட்டலாம் என்பதைத்தான் கற்றுக்கொண்டாள்.

ஹாலில் பாட்டுக்காரி என்று ஒரு பெண் இருந்தாள். வேலை செய்துகொண்டே முணுமுணுவென்று பாடுவாள், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பெரியவள் நடக்கிற மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பெரியவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த பெட்டி வந்தபோது பாட்டுக்காரிக்கு நீல நூல் சுற்றி ஒரு கட்டர் வந்தது. கொஞ்ச நாளில் பாட்டு நின்றது. பிறகு கையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அவளே வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது, பெரியவளைத் தவிர. டீ வாங்கிக் கொடுப்பவர்களுக்கு நல்ல எஃகு, எதிர்த்துப் பேசுபவர்களுக்கு மெழுகு. இப்படி எத்தனையோ பேர். அந்த அலகுகளெல்லாம் மேசை நெடுகிலும் போர்டுகளை மென்றுகொண்டுதான் இருந்தன. செக்கிங் அறையில் இருந்த வயதான அம்மா விரலை ஓட்டிப் பார்த்து வால் நின்ற போர்டுகளைத் திருப்பி அனுப்புவாள், அவர்கள் திரும்ப நறுக்குவார்கள்.

வீடு என்று பார்த்தால் இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூட்டாக இருந்தார்கள். அண்ணன் ஒரு கிடங்குக்குக் காவல்காரன், கண் பார்வை சுமார். தம்பி வேன் ஓட்டினான். தம்பி பெண்டாட்டி, அதாவது பெரியவளின் ஓரகத்தி, சின்னவள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் எந்த அறையில் யார் படுப்பது என்று ஒரு பேச்சு வந்தது. சின்னவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பெரியவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“இந்த வீட்ல சம்பாதிக்கிற வாய்தான் பேசும். மத்த வாயெல்லாம் திங்கிறதுக்கு.”

அதற்குப் பிறகு சின்னவள் எதற்கும் வாயைத் திறந்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அந்த வீடு நடந்தது.

பிறகு வேன் ஓட்டம் குறைந்தது. பெரியவளே சின்னவளை ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னவோ ராஜ்ஜியத்தையே எழுதிக்கொடுத்த மாதிரி அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். முதல் கட்டரையும் நல்லதாகவே பார்த்துக் கொடுத்தாள். தன் வீட்டு மனுஷி மெதுவாக வேலை செய்தால் தனக்குத்தானே கேவலம். அதுதான் தப்பாகப் போயிற்று. நல்ல எஃகு கிடைத்ததும் சின்னவளின் கை பேச ஆரம்பித்துவிட்டது. அவசரமே இல்லாமல், நிமிராமல், டிக் டிக்கென்று நறுக்கிக்கொண்டே போவாள். அவள் முடித்த போர்டின் மேல் பஞ்சை இழுத்தால் ஓர் இழைகூட ஒட்டாது. சூப்பர்வைசர் ஒருநாள் அதை விளக்கில் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல எல்லாருக்கும் இதே கைதானா?” என்று பெரியவளிடம் கேட்டார். பெரியவள் பல்லைக் காட்டினாள். வயிறு எரிந்தது.

எரிச்சலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துக்கொண்டு வந்தன. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு நாள் முழுக்க. டம்ளர் நழுவும், சோப்பு வழுக்கிவிட்டது என்பாள். கட்டர் நழுவும், வியர்வை என்பாள். யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். “நரம்பு நசுங்கியிருக்கு. இந்த வேலையை விட்டுடுங்கம்மா. இல்லன்னா பிடிப்பே போயிடும்” என்றார். வேலையை விட்டால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரியுமா? வீட்டில் உட்கார வேண்டும். அப்புறம் அந்த வீட்டில் பேசுகிற வாய் சின்னவளுடையதாகிவிடும். தன் வாய் தின்பதற்கு மட்டும்தான். இதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. செக்கிங் அறை அம்மா வேலையை விட்டுப் போகப் போகிறாள் என்று பேச்சு வந்தது. அந்த அறையில் நறுக்குகிற வேலை கிடையாது. லென்ஸும் விளக்கும் மின்விசிறியும் உண்டு. போர்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த நாற்காலி கிடைத்துவிட்டால் மரத்த கையோடு காலத்தை ஓட்டிவிடலாம். சூப்பர்வைசரின் மனதில் இரண்டு பேர் இருப்பது ஹாலுக்கே தெரியும். ஒன்று பெரியவள், இன்னொன்று சின்னவள். அனுபவம் இவளுக்கு, சுத்தம் அவளுக்கு.

அந்தச் சமயம் பார்த்துப் புதுப் பெட்டி வந்தது.

பழைய கட்டர்களையெல்லாம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பெரியவள் ஸ்டோரின் ஜன்னலோரம் உட்கார்ந்து, நூல்கண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பிரித்தாள். அரத்தை இடது கையில்தான் பிடித்தாள், வலது கையை நம்ப முடியவில்லை. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வழுக்கியது, வழுக்கியது, கவ்வியது, வழுக்கியது. கடைசிக்கு முன்னால் ஒன்று வந்தது. பார்க்க எல்லாவற்றையும்விட அழகு. வாய் அப்படியே பொருந்தியது, வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. அரத்தை வைத்தாள். சோப்பைச் சுரண்டுவதுபோல் பொடி உதிர்ந்து அவள் சேலையில் விழுந்தது. அத்தனை வருஷத்தில் அவ்வளவு மட்டமான எஃகை அவள் பார்த்ததில்லை.

அதை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள். பாவம் புண்ணியம் பார்த்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கலர் கட்டலாம் என்று பார்த்தாள். பிறகு அரம் பட்ட இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மஞ்சள் நூலை எடுத்துச் சுற்றினாள்.

“இந்தாடி. பெட்டியிலேயே இதான் நல்லது. உனக்குன்னு ஒளிச்சு வச்சேன், எவகிட்டயும் சொல்லிடாத.”

சின்னவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். “நீங்க இல்லன்னா எனக்கு யாரு இருக்காங்கக்கா” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்து நடந்ததை நீட்டிச் சொல்ல என்ன இருக்கிறது? இரும்பு தன் வேலையைச் செய்தது. முதல் சில நாள் கட்டர் வெண்ணெயாக நறுக்கியது. பிறகு அலகில் ஒரு குழி, அந்தக் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி. சின்னவள் இடம் மாற்றி மாற்றி நறுக்கிப் பார்த்தாள். வால் நின்றது. அழுத்தினாள். அப்புறம் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினாள். அவள் முன்னால் போர்டுகள் குவிந்தன. கட்டைவிரலின் அடி வீங்கி, பளபளவென்று சிவந்தது.

ராத்திரி சாப்பாடானதும் பெரியவள் தைல டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள். சின்னவளின் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தேய்த்துவிடுவாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்தக் கதைதான்.

“வலிக்குதாடி?”

“கொஞ்சம்.”

“கட்டர் எப்படி, சரியா இருக்கா?”

“கட்டர் என்னக்கா பண்ணும்? நீங்க பார்த்து எடுத்தது. என் கைதான் சரியில்ல. எனக்கு இந்த வேலைக்குச் சாமர்த்தியம் போதல.”

“பழகிடும். நல்லா அழுத்தணும். நாங்கெல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்.”

இப்படிச் சொல்லிவிட்டு வீங்கின இடமாகப் பார்த்து ஓர் அழுத்து அழுத்துவாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் பெரியவளுக்கு அன்றைய நாள் முடிந்த திருப்தி வரும். இப்படியும் ஒரு பிறவியா என்று கேட்டால், ஆமாம், இப்படியும் ஒரு பிறவி.

செக்கிங் நாற்காலி பெரியவளுக்கே கிடைத்தது. உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அவள் தேடிப்பிடித்து ஒதுக்கிய போர்டுகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. லென்ஸே வேண்டாம் அவளுக்கு, அந்த வால் எப்படி நிற்கும் என்று கட்டரைக் கொடுத்த அன்றே தெரியும். சூப்பர்வைசர்கூட, “உங்க வீட்டு மனுஷியாச்சேம்மா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே” என்றார். பெரியவள் பெருமூச்சு விட்டாள். “நான் எப்படி சார் கண்ணை மூடிக்கிறது? நாளைக்கு சரக்கு திரும்பி வந்தா உங்களுக்குத்தானே கெட்ட பேர்?” என்றாள். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்?

சின்னவளை வேலையிலிருந்து நிறுத்திய அன்று அவள் கட்டரை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனாள். சூப்பர்வைசர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். ரம்பம் மாதிரி இருந்தது. “இதை வாங்கி நான் யாருக்குக் கொடுக்கிறது? நீயே வச்சுக்கோம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். செக்கிங் அறைக் கண்ணாடி வழியாகப் பெரியவள் அதைப் பார்த்தாள். குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் கொடி பறந்தது. சின்னவள் வீங்கின கையோடு பாத்திரம் துலக்கினாள், மேல் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தாள். ஒருநாள் சோற்றுப் பானை கைநழுவித் தரையெல்லாம் சோறு சிதறியது. தம்பிக்காரன் பதறி எழுந்தான். பெரியவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“அள்ளி ஓரமா வை. கையாலாகாதவங்க கீழ விழுந்ததைத் தின்னா ஒண்ணும் ஆகாது.”

சின்னவள் அன்று அதைத்தான் தின்றாள். தம்பிக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். சம்பாதிக்கிற வாய் அல்லவா பேசியிருக்கிறது? அவன் வேனும் அந்த மாதம் ஓடவில்லை.

கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். செக்கிங்குக்குக் கண் மட்டும் போதாது. மேலோட்டமாக லென்ஸில் பார்த்த பிறகு விரல் நுனியைப் போர்டின் அடியில் ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தப்புகிற வாலை விரல்தான் பிடிக்கும். முன்பிருந்த அம்மா அப்படித்தான் பிடித்தாள். பெரியவளும் விரலை ஓட்டினாள், ஓட்டுகிற பாவனையாக. அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இடது கையால் பார்த்திருக்கலாம். பார்த்தால் வலது கைக்கு என்ன என்று கேள்வி வரும். அதனால் மரத்த விரலையே ஓட்டி, நல்லது நல்லது என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் நூல் சுற்றிக் கொடுத்த மெழுகுக் கட்டர்கள் மென்று துப்பியதெல்லாம் அவள் விரலுக்கு அடியிலேயே போயின.

விற்ற தராசுகள் திரும்பி வந்தன. வால்கள் போர்டுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தாளைக் குத்திக்கொண்டு தராசின் தகரத்தைத் தொட்டுவிட்டனவாம். ஒன்றுமே வைக்காத தட்டு எடை காட்டியதாம். சூப்பர்வைசர் ஒரு போர்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு செக்கிங் அறைக்கு வந்தார்.

“உங்க முத்திரைதான். இங்க விரலை வச்சுப் பாருங்கம்மா.”

பெரியவள் வைத்தாள்.

“அழுத்துங்க.”

அழுத்தினாள். “ஒண்ணுமில்லையே சார். வழவழன்னு இருக்கு” என்றாள்.

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அவளும் குனிந்து பார்த்தாள். விரல் நுனியிலிருந்து ரத்தம் போர்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாலே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஒருத்தி முகத்திலும் பரிதாபம் இல்லை. அன்று சாயங்காலமே கணக்கு முடிந்தது. வாசலில் பையைச் சோதித்தபோது அரத்துண்டைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள், கம்பெனிச் சாமான் என்று சொல்லி. அது ஃபிட்டர் கொடுத்தது என்று அவள் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மணிக்கட்டில் ஆபரேஷன் செய்தும் வலது கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிடிப்பு போனது போனதுதான். இதற்கிடையில் சின்னவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. சின்ன வயது, நறுக்குகிற வேலை நின்றதும் வீக்கம் வடிந்துவிட்டது. செல்போனும் ரேடியோவும் ரிப்பேர் செய்கிற கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கருவிக் கடை. அங்கே விற்பனைக்கு நின்றாள். பேச்சில்லாத பெண் என்று கடைக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது அந்த வீட்டில் சம்பாதிக்கிற வாய் எது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த வாய் பேசவே இல்லை. பெரியவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். திட்டுவாள், குத்திக்காட்டுவாள், சோற்றைத் தரையில் போடுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், புடவை கட்டிவிட்டாள். “அக்கா, டீ ஆறிடும், குடிங்க” என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். நாள் போகப் போகப் பெரியவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. பழைய இளக்காரம்கூடத் திரும்பி வந்தது. இவ்வளவு செய்தும் ஒன்றுமே புரியாத அசடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. பெரியவளின் நகங்கள் வளர்ந்துபோயிருந்தன. அவள் புருஷனிடம் கையை நீட்டினாள்.

“எனக்குத்தான் கண்ணு தெரியலியே. போன தடவை சதையை வெட்டிட்டேன்ல. தங்கச்சிகிட்ட கேளு” என்று அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தம்பிக்காரனும் வீட்டில் இல்லை.

“கொடுங்கக்கா, நான் வெட்டறேன்.” சின்னவள் ஜன்னலோரம் பாயை விரித்தாள். பெரியவளை உட்கார வைத்தாள். உள்ளே போய் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். அதற்குள் மஞ்சள் நூல் சுற்றிய கட்டர் இருந்தது.

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“எதுக்குடி இது?”

“எதுக்கு வீணாக்கணும்? நல்ல கட்டராச்சே.” சின்னவள் பெரியவளின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு உணர்ச்சியெல்லாம் குறைவில்லாமல் இருந்தது. “எங்க கடைக்காரரு ஒரு வேலை கத்துக்கொடுத்தாருக்கா. சரக்கு வந்ததும் அரத்தை எடுத்து அலகுல இழுத்துப் பார்க்கணுமாம். வழுக்குனா நல்லதாம். கவ்வுனா மட்டமாம். முதல் நாளே என் பையில இருந்த இதைத்தான் எடுத்து இழுத்துப் பார்த்தேன்.”

பெரியவள் கட்டரையே பார்த்தாள்.

“பொடிப்பொடியா கொட்டுச்சுக்கா. அலகுல பழைய அரம் பட்ட தடம்கூட ஒண்ணு இருந்தது. யாரோ முன்னாடியே பார்த்திருக்காங்க போலன்னு அவரு சொன்னாரு.”

கட்டைவிரல் நகத்தைக் கட்டரின் வாய்க்குள் வைத்து மூடினாள். அது நறுக்கவில்லை. மென்றது. அவள் நிதானமாக அழுத்தினாள். நகம் குறுக்கே பிளந்து, சதையோடு ஒட்டின இடம்வரை கிழிந்து வந்தது. பெரியவளின் உடம்பு தூக்கிப்போட்டது.

“வலிக்குதாக்கா?”

என்ன சொல்வாள்? கட்டர் சரியில்லை என்று சொன்னால், அது சரியில்லாதது என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

“இல்லடி” என்றாள்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. நல்லா அழுத்தணும், நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க.” அடுத்த விரலை எடுத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. ஹாலில் நறுக்குவாளே, அதே நிதானம். ஒரு நகம், இன்னொரு நகம். சுண்டுவிரலுக்கு வந்தபோது பெரியவளின் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது. சின்னவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய தைல டப்பாவை எடுத்துவந்து ஒவ்வொரு விரலிலும் தேய்த்தாள். கிழிந்த இடத்தில் தைலம் பட்டதும் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தக் கை?” என்று கேட்டது பெரியவளின் குரல்தான், அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“அதுக்கு இது வேண்டாம்க்கா.” சின்னவள் எட்டி அலமாரி விளிம்பிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்தாள். கடையிலிருந்து வாங்கி வந்த புது நகவெட்டி. மரத்துப்போன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, டக் டக்கென்று நொடியில் வெட்டி முடித்தாள். பிறைபிறையாக, பிசிறில்லாமல் நகங்கள் பாயில் விழுந்தன.

“இந்தக் கையிலதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே” என்றாள்.

பாயை உதறிச் சுருட்டி வைத்தாள். கட்டரைக் கைக்குட்டையில் சுற்றி, நகவெட்டிக்குப் பக்கத்திலேயே, பெரியவள் படுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு டீ போட உள்ளே போனாள்.

“அடுத்த வாரம் வளர்ந்துடும்க்கா” என்று சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது. “லீவு நாளா பார்த்து வெட்டிக்கலாம்.”

பெரியவள் இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “சரிடி” என்றாள்.